அண்ணாமலை நாட்டு வரலாறு: தாது வருஷத்துக் கஞ்சித்தொட்டிகள்

சென்ற பகுதியில் அருணாசலேசுவரர் ஆலயத்தின் மதில்கள் கோட்டைச் சுவர்களாக மாறிய காலத்தைக் கண்டோம். 1767ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் சேனை, ஹைதர் அலியும் நிஜாமும் திரட்டி வந்த படைகளை இம்மலையின் அடிவாரத்தில் எதிர்த்து நின்றதையும், அதற்குப் பின் திப்புவின் காலம் வரையில் இவ்வூரின் குடிகள் பட்ட அல்லலையும் விவரித்தோம். அந்தப் பீரங்கிகள் ஓய்ந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர், ஒரு குண்டும் வெடிக்காமல், ஒரு கொடியும் பறக்காமல், அப்போர்கள் அனைத்தும் கொன்ற தொகையினும் பன்மடங்கு பேரைக் கொண்டுபோன ஓர் அழிவு இந்நாட்டின்மேல் இறங்கிற்று. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தக் கொடுமையைத் தமிழ் மக்கள் தாது வருஷப் பஞ்சம் என்று பெயரிட்டு, மூன்று தலைமுறைக்குக் குறையாமல் நினைவில் வைத்திருந்தார்கள்.

இப்பகுதியில் அந்தப் பஞ்சத்தின் வரலாற்றை முழுவதுமாகச் சொல்வது நம் நோக்கமன்று. ஊர் இழந்து, உறவு இழந்து, பெயர் கேட்பாரும் இன்றிச் சாலையில் நடந்த அந்நிய ஏழைக்குக் கிறிஸ்துவின் பெயரால் கை நீட்டியவர்கள் யாவர், அவர்கள் செய்தது என்ன, அக்கருணையில் எது கலப்பற்றதாக நின்றது, எது கேள்விக்கு இடமாயிற்று என்பவற்றையே இங்கு ஆராய்வோம்.

மழை பொய்த்த கதை

இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் எல்லைகளைக் கொண்டு அக்காலத்தைப் பார்த்தல் ஆகாது. திருவண்ணாமலைத் தாலுகா அப்போது தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. வடக்கே போளூர், ஆரணி, வந்தவாசிப் பகுதிகள் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. ஆளுகை இரண்டாயினும் நிலத்தின் இயல்பு ஒன்றே. செய்யாறும் துரிஞ்சலாறும் தென்பெண்ணையும் மழைக்காலத்தில் மட்டும் நதிகளாகவும் மற்றைய மாதங்களில் மணற்பரப்பாகவும் இருக்கும் இந்நாட்டில், பயிர் என்பது ஏரியை நம்பியது. ஏரி என்பது ஐப்பசி கார்த்திகை மாதங்களின் மழையை நம்பியது. 1875இல் குறைந்த மழை, 1876இல் ஏறக்குறைய முழுவதுமாகப் பொய்த்தது. ஏரிகளின் வண்டல் வெடித்தது. கேழ்வரகும் கம்பும் சோளமும் முளையிலேயே கருகின. மாடுகள் முதலில் மாண்டன. மாடு மாண்ட பின் உழவன் அடுத்த மழையையும் நம்புவதற்கு வழியின்றிப் போயிற்று.

தானியம் அடியோடு இல்லாமற்போனதால் மட்டும் மக்கள் மாளவில்லை என்பதை அக்காலத்தில் கண்ணால் கண்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்தில் தானிய மூட்டைகள் இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருந்தன. விலையோ கூலிக்காரனின் கைக்கு எட்டாத உயரத்தில் நின்றது. இருப்புப்பாதை உள்ள ஊர்களுக்கேனும் வண்டிச் சத்தம் கேட்டது. திருவண்ணாமலைக்கு ரயில் வந்ததோ பஞ்சம் கழிந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னரே. ஆதலால் இம்மலையைச் சூழ்ந்த கிராமங்களில் வாழ்ந்தோர், குறிப்பாகச் சொந்த நிலம் ஒரு குழியும் இல்லாது பிறர் நிலத்தில் உழைத்துவந்த பறையர் முதலிய கூலி மக்கள், சட்டியும் குழந்தையும் தலையிலும் இடுப்பிலுமாக, காட்பாடியை நோக்கியும் கடற்கரையை நோக்கியும் சென்னையை நோக்கியும் நடக்கத் தொடங்கினார்கள். பஞ்சம் பிழைக்கப் போதல் என்று நம்மவர் சொல்லும் அந்தப் பிரயாணம், பலருக்கு இலங்கைத் தோட்டத்திலும் மொரீஷியஸ் கரும்புக் காட்டிலும் முடிந்தது. மிகப் பலருக்குச் சாலையோரப் புளியமரத்தடியிலேயே முடிந்தது.

வட ஆர்க்காடு ஜில்லாவின் ஜனத்தொகை 1871இல் ஏறத்தாழ 20 லட்சமாக இருந்தது. 1881இல் ஏறத்தாழ 18 லட்சமாகக் குறைந்திருந்தது. பத்து ஆண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய ஒரு நாடு, பத்தில் ஒரு பங்கை இழந்து நின்றதென்றால், அந்த எண்களுக்கு அடியில் புதையுண்டு கிடக்கும் வீடுகள் எத்தனை என்பதை வாசகர் தாமே எண்ணிப் பார்க்கலாம். சென்னை ராஜதானி முழுவதிலும் மாண்டோர் 35 லட்சத்துக்கு மேல் இருக்கலாமென மதிப்பிட்டவர் உண்டு. அவர்களுள் 1877 ஆம் ஆண்டில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாந்திபேதியால் இறந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன.

தராசில் நிறுத்த தயை

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபு தொடக்கத்திலேயே தானியம் வாங்கிச் சேமிக்க முயன்றார். சாலை, கால்வாய், ஏரி வேலைகள் தொடங்கப்பட்டன. அவர் பெயரைத் தாங்கிய பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி பஞ்ச காலத்துக் கூலிகளின் கைகளால் வெட்டப்பட்டதே. ஆனால் 1877 ஜனவரி முதல் நாள் டில்லியில் விக்டோரியா மகாராணிக்கு இந்தியச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டும் தர்பாரை நடத்திய வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசாங்கம், செலவு கைமீறிப் போவதைக் கண்டு அஞ்சி, சர் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பிற்று. உழைக்கும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று அவர் வகுத்தார். சென்னை ராஜதானியின் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் கார்னிஷ், மண் சுமக்கும் மனிதனின் உடல் அந்த அளவில் நாளடைவில் தானே தன்னைத் தின்று அழியும் என்று எண்களைக் கொண்டு வாதித்தார். பருப்பும் காய்கறியும் இல்லாத வெறும் தானியம் உயிரைக் காக்காதென்றார். அவருடைய வாதம் வென்று அளவு உயர்த்தப்படுவதற்குள் 1877ஆம் ஆண்டின் நடுப்பகுதி வந்துவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் அந்த ஒரு பவுண்டை நம்பி வேலை செய்தவர்களுள் எத்தனை பேர் மீண்டனர் என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல எவராலும் இயலாது.

டெம்பிள் துஷ்டர் அல்லர். கஜானாவைக் காக்கும் கடமையைத் தம் கடமையாக நினைத்தவர். பசித்தவனை ஒரு செலவினமாகக் கண்ட அந்தப் பார்வைதான் கொடியதாக இருந்தது. பஞ்சத்தில் வாடிய உடல்களை வரிசையாக உட்காரவைத்து ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைக் காணும்போது, எலும்பு தோன்றும் அந்த மனிதர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குக் கிட்டாமல் போனதை எண்ணி மனம் நோகிறது. எண்ணப்பட்டார்கள், நிறுக்கப்பட்டார்கள், படம் பிடிக்கப்பட்டார்கள். நீ யார், எந்த ஊர், உன் பிள்ளை எங்கே என்று கேட்கப்பட்டவர்கள் மிகச் சிலரே.

ஊரை விட்டவன் யாருக்கு உறவு?

நம் நாட்டில் தர்மம் இல்லையா என்ற கேள்வி இங்கு எழும். நிறைய இருந்தது. அண்ணாமலையாரைத் தரிசிக்க வருவோருக்குச் சோறிடுவதைப் பெரும் புண்ணியமாகக் கருதிச் சத்திரங்களையும் மடங்களையும் கட்டியவர்களின் பெயர்கள் இவ்வூரின் கல்லில் உள்ளன. இதே தென்னார்க்காடு ஜில்லாவில், வடலூரில், 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி இராமலிங்க சுவாமிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசியைத் தீர்ப்பதே ஜீவகாருண்யத்தின் முதற்படி என்று சாதி சமய பேதமின்றி அன்னமிடும் வழியைக் காட்டினார். அங்கே மூட்டிய அடுப்பு அணையாமல் இருந்துவருகிறது. சுவாமிகள் 1874இல் சித்தியடைந்தார்கள். பஞ்சமோ இரண்டு ஆண்டுகளில் வந்தது.

ஆயினும், வடலூரைப் போன்ற அபூர்வ இடங்களை விலக்கிப் பார்த்தால், நம் சமுதாயத்தின் வழக்கமான தர்மம் பெரும்பாலும் உறவின் வழியே ஓடியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மிராசுதார் தம் பண்ணையாளுக்குக் களத்து நெல் அளந்தார். சாதியார் தம் சாதியாருக்குச் சத்திரத்தில் இலை போட்டனர். யாத்திரிகனுக்குக் கோயிலின் உறவு இருந்தது. சாதாரணக் காலங்களில் இந்த இழைகள் பின்னிப் பிணைந்து யாவரையும் ஒருவாறு தாங்கின. தாது வருஷத்திலோ அந்த இழைகள் ஒவ்வொன்றாக அறுந்தன. களத்தில் நெல்லில்லாத மிராசுதார் பண்ணையாளை விட்டுவிட்டார்; பண்ணையாள் ஊரை விட்டான்; ஊரை விட்ட கணத்திலே அவன் எவர்மேலும் உரிமை கொண்டாட இயலாத அந்நியன் ஆனான். அடுத்த கிராமத்தார் அவனைத் திருடன் என்று அஞ்சினார்கள், வாந்திபேதி கொண்டுவருபவன் என்று விரட்டினார்கள். கிணற்றருகே வர அவன் சாதி தடையாக இருந்தது. சர்க்கார் முகாம்களிலும் சாதி பார்த்துச் சமையற்காரரை அமர்த்த வேண்டியிருந்தது. பிறர் கையால் சமைத்ததை உண்பதைவிடச் சாவதே மேல் என்று வீட்டுக்குள் கிடந்தவர்களும் இருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் கிறிஸ்தவ மார்க்கத்தின் ஒரு பழைய உபமானம் இம்மண்ணில் புதுப் பொருள் பெற்றது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வரால் அடியுண்டு குற்றுயிராய்க் கிடந்த ஒருவனை, அவன் குலத்துக் குருவும் ஆலய ஊழியனும் கண்டும் காணாதவராய் விலகிப்போக, அவன் இனத்தாரால் தீண்டத்தகாதவரென வெறுக்கப்பட்ட சமாரியன் ஒருவன் காயம் கட்டித் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்துக் கூலியும் கொடுத்துச் சென்றான் என்பது அக்கதை. அயலான் யார் என்று கேட்டவனுக்கு, யார் உனக்கு அயலான் என்று பட்டியல் சொல்லாமல், அடியுண்டவனுக்கு அயலானாக நின்றவன் யார் என்று கேள்வியைத் திருப்பியதே இயேசுநாதர் அளித்த விடை. உறவு முதலில், உதவி பின்னர் என்னும் முறையை அது தலைகீழாக்கி, உதவியே உறவை உண்டாக்கும் என்றது.

வேலூர், சேத்துப்பட்டு, மாயூரம்

வட ஆர்க்காட்டில் அமெரிக்க ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கட்டர் குடும்பத்தார் 1853 முதல் பணியாற்றிவந்தார்கள். பஞ்சத்தின்போது வேலூரிலிருந்த ஜான் ஸ்கட்டர் தம்பதியரின் வீட்டைப் பசித்த குழந்தைகள் சூழ்ந்தன. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்து, அப்போது ஆறேழு வயதே நிரம்பியிருந்த அவர்களுடைய மகள் ஐடா, கையை உயர்த்தவும் வலுவில்லாத பிள்ளைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வைத்தாள். சிறு விரல்களால் செய்த அந்த வேலை அவள் மனத்தில் ஆறாத வடுவாகப் பதிந்தது. இந்தியாவே வேண்டாமென்று அமெரிக்காவுக்குச் சென்ற அவள், 1890இல் தாயாரைப் பார்க்கத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆடவர் வந்து பிரசவ வேதனையிலிருக்கும் தம் மனைவியைக் காக்க வருமாறு அழைத்தார்கள். தந்தையார் டாக்டராயிற்றே என்று அவள் சொல்லியும், அந்நிய ஆடவர் தம் பெண்டிரைத் தொடலாகாதென்று மூவரும் திரும்பிப் போனார்கள். காலையில் மூன்று பெண்களும் மாண்ட செய்தி வந்தது. அந்த இரவின் பயனாக மருத்துவம் பயின்று, 1900ஆம் ஆண்டில் திரும்பிவந்த ஐடா ஸ்கட்டர் வேலூரில் எழுப்பிய மருத்துவமனை இன்று உலகறிந்தது. 1909இல் குடியாத்தம் சாலையில் அவர் தொடங்கிய மரத்தடி வைத்தியம், சாலையில் கிடக்கும் அந்நியனைத் தேடிப் போகும் சமாரியனின் வழியேயன்றி வேறன்று. திருவண்ணாமலையிலிருந்து நோயாளிகள் வேலூருக்குப் போகும் வழக்கம் அன்று தொடங்கி இன்றளவும் நிற்கிறது.

திருவண்ணாமலைக்கு வடகிழக்கே, இன்று இம்மாவட்டத்துக்குள்ளேயே அடங்கிய சேத்துப்பட்டில், புதுச்சேரி மறைமாவட்டத்தைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரரான தாராஸ் சுவாமியார் இருந்தார். பாரிஸ் அந்நிய வேத போதகச் சபையினர் அக்காலத்தில் மேற்றிராணியார் லவுனானின் தலைமையில் பணியாற்றிவந்தனர். பஞ்சத்தின் பின்னணியில் சுற்றுக் கிராமங்களின் கூலி மக்கள் குடும்பம் குடும்பமாகத் தாராஸ் சுவாமியாரை நாடி வந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களின் தொகை ஆயிரக்கணக்கில் ஏறிற்று. சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலைச் சூழ்ந்த கத்தோலிக்க சமூகத்தின் வேர் அந்தக் காலத்தில்தான் ஊன்றப்பட்டது. அவ்வூரிலே பின்னாளில் எழுந்த புனித தோமையார் மருத்துவமனையும் தொழுநோய் மையமும், வீட்டாரால் கைவிடப்பட்டுக் கோயில் வாசல்களில் கையேந்தியவர்களுக்குப் புகலிடமாயின.

கிறிஸ்தவக் கருணையென்றால் வெள்ளையர் செய்ததென்று மட்டும் எண்ணுவது பிழை. சோழநாட்டு மாயூரத்தில், முன்சீப் பதவியை விட்டு ஓய்ந்திருந்த வேதநாயகம் பிள்ளை, 1826இல் குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். நீதி நூலை இயற்றியவர். பின்னாளில் தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டவர். பஞ்சத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டிகளைத் திறந்து, வந்தவர் எவரென்று கேளாமல் வார்த்தார்; அக்காலத்தின் வேதனையைக் கீர்த்தனைகளிலும் இறைவனிடம் முறையிட்டார். 1878இல் அவர் வெளியிட்ட கீர்த்தனை நூலுக்குச் சர்வ சமய சமரசம் என்ற பெயர் இட்டதற்கு, வார்த்தையினும் பெரிய சாட்சியம் அந்தக் கஞ்சித்தொட்டி. திருவாவடுதுறை ஆதீனத்துக்கும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் நண்பராயிருந்த அவரை, சேரி மனிதனைத் தில்லைக்குள் புகுத்திய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் ஆசிரியரான கோபாலகிருஷ்ண பாரதியாரே புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். நரஸ்துதி செய்யாத ஒரு சைவ பக்தரின் வாயிலிருந்து ஒரு கிறிஸ்தவருக்குக் கிட்டிய அந்தப் பாட்டு, எந்த அரசாங்கப் பட்டத்தினும் மேலானது.

இவற்றோடு கடல் கடந்து வந்த உதவியையும் சேர்க்க வேண்டும். 1877 ஆகஸ்டு மாதத்தில் சென்னையில் கூடிய கூட்டம் ஒன்று இங்கிலாந்துக்கு விண்ணப்பம் விடுக்க, லண்டன் மேயரின் மாளிகையில் நிதி தொடங்கப்பட்டது. பத்திரிகாசிரியர் வில்லியம் டிக்பி காரியதரிசியாக இருந்து அதனை நடத்தினார். லங்காஷயரின் ஆலை நகரங்கள் உட்பட, இந்தியாவைக் கண்ணால் காணாத எளிய மக்கள் தேவாலயங்களின் காணிக்கைத் தட்டில் இட்ட காசுகள் சேர்ந்து பல லட்சம் பவுன் ஆயின. சர்க்கார் உயிரை மட்டும் தாங்க முயன்ற நேரத்தில், இந்நிதி விதைநெல்லுக்கும் உழவு மாட்டுக்கும் கூரைக்கும் துணிக்கும் கொடுத்தது. அதனைப் பங்கிட்ட குழுக்களில் பாதிரிமாரும் இந்து, முகம்மதியப் பெரியோரும் ஒரே பலகையில் அமர்ந்தார்கள்.

கருணைக்கு விலை உண்டா?

இவ்வளவும் சொன்ன பின், நேர்மையுள்ள வரலாறு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கஞ்சி வார்த்த கையே ஞானஸ்நான நீரையும் வார்த்தது என்றால், அந்தக் கஞ்சி தானமா, விலையா? பசித்தவனின் மனச்சாட்சியை ஒரு கலயக் கூழுக்கு வாங்கினார்கள் என்று அன்றே பலர் குற்றம் சாட்டினார்கள். அந்தக் குற்றச்சாட்டைத் துவேஷமென்று தள்ளிவிடுவது தகாது. ஏனெனில் கிறிஸ்தவர்களுள்ளேயே மனச்சாட்சியுள்ளவர்கள் அதை எண்ணிக் கலங்கினார்கள்.

அவ்வாறு கலங்கியவர்களுள் முதலாகக் குறிப்பிடத் தக்கவர், தெலுங்கு நாட்டு ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்த ஜான் க்ளவ். பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்றரை மைல் நீளத்தை வெட்டும் ஒப்பந்தத்தைத் தாமே எடுத்து, தோல் வேலை செய்துவந்த மாதிகர் முதலிய ஏழைகளுக்கு வேலை கொடுத்து, மேஸ்திரிகளின் வசையும் அடியும் இல்லாமல் கூலி கிடைக்கச் செய்தார். அவரிடம் வந்தவர்கள் ஞானஸ்நானம் கேட்டார்கள். பஞ்ச உதவி நடக்குமளவும் ஒருவருக்கும் கொடுப்பதில்லை என்று பதினைந்து மாதம் உறுதியாக மறுத்துவந்தார். உதவிப் பணம் தீர்ந்து, இனி தருவதற்கு ஒன்றுமில்லை என்று அறிவித்த பின்னரும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3ஆம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஸ்நானம் பெற்றனர்.

இச்செய்தியை எண்ணிக்கையின் பெருமைக்காக நாம் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. தானத்துக்கும் சமயத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும் என்பதை, அந்த இடைவெளியினால் நஷ்டப்படக்கூடிய ஒருவரே உணர்ந்து காத்தார் என்பதற்காகவே எடுத்துக்கொண்டோம். தாராஸ் சுவாமியாரின் சேத்துப்பட்டில் வந்தவர்களின் உள்ளத்தில் பசி எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கும் தராசு நம்மிடம் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தெருவில் நடக்கவும் கோயிலுக்குள் நுழையவும் உரிமையற்றிருந்த ஒருவன், தன் பெயரைக் கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்த முதல் மனிதனின் தெய்வத்தைத் தன் தெய்வமாகக் கொண்டால், அதைக் கூழுக்கு விற்ற மனச்சாட்சி என்று சொல்வதும் அவனை இரண்டாம் முறை அவமதிப்பதே ஆகும். ஆனால் கொடுப்பவனுக்கு உரிய அறம் வேறு. பெறுபவன் என்ன ஆவான் என்று பாராமல் கொடுப்பதே அவன் கடமை; சமாரியன் அடியுண்டவனுக்குக் காயம் கட்டினானேயன்றி, தன் இனத்தார் புனிதமெனக் கொண்ட மலைக்கு வந்து தொழும்படி அவனிடம் உறுதிமொழி வாங்கவில்லை.

சாதியைப் பற்றியும் ஒரு சொல். கிறிஸ்தவ சபைக்குள்ளேயே சாதி புகுந்திருந்தது. தென்னார்க்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் பணியாற்றிய கார்ல் ஓக்ஸ் என்ற பாதிரியார், திருவிருந்தில் சாதி வேற்றுமையைப் பொறுக்கும் லீப்சிக் மிஷனோடு இணங்காமல் பிரிந்து, பின்னர் டேனிஷ் மிஷனோடு சேர்ந்தவர். அந்த மிஷன் திருக்கோவலூரிலும் திருவண்ணாமலையிலும் பள்ளிகளும் மருத்துவப் பணியுமாகப் பரவியது. இவ்வூரில் டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்துப் பெரியவர்களான இந்துக் குடும்பத்தார் பலர். ஒரே பந்தியில் உண்ண மறுப்பவர்கள் அந்நியனுக்குக் கஞ்சி வார்ப்பதில் என்ன பொருள் என்று பஞ்சத்துக்கு முன்பே ஓக்ஸின் பிரிவு எழுப்பிய அந்தக் கேள்வி, பஞ்சத்தில் இன்னும் கூர்மை பெற்றது.

மழைக்குப் பின்

1877ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மழை பெய்தது. அதற்குள் ராஜதானியில் உதவி பெற்றோர் தொகை 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மழையோடு துன்பம் தீர்ந்துவிடவில்லை. காய்ச்சலும் பேதியும் நலிந்த உடல்களை 1878 வரையில் தேடித் தேடி வந்தன. அநாதைகளாய் நின்ற பிள்ளைகளை மிஷன் விடுதிகள் ஏற்றுக்கொண்டன. ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சியின் தலைமையில் அமைந்த பஞ்ச விசாரணைக் குழு 1880இல் தந்த அறிக்கையிலிருந்து பஞ்ச நிவாரண விதிகள் பிறந்தன. பட்டினியால் மாளாமல் காப்பது அரசின் கடமையென்று அரசே எழுதி வைத்துக்கொள்ள நேர்ந்தது. அந்த எழுத்துக்குப் பின்னால் கார்னிஷின் எண்களும் டிக்பியின் பேனாவும், பெயர் தெரியாத கஞ்சித்தொட்டிக்காரர்கள் பலரின் கைகளும் இருந்தன.

இந்த வரலாற்றிலிருந்து திருவண்ணாமலையில் வாழும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான அந்நியர்கள் வந்து போகும் ஊர் நம்முடையது. கிரிவலப் பாதையில் கையேந்தி அமர்ந்திருப்போரில் பலர், ஏதோ ஒரு குடும்பம் விட்டுவிட்ட முதியவர், நோயாளர், மனம் பிறழ்ந்தவர். அவர்களுக்கு ஒரு பொட்டலம் கொடுத்து நகர்ந்துவிடுவது டெம்பிளின் ஒரு பவுண்டைப் போன்றது. அது வேண்டியதுதான், ஆனால் போதாது. வேதநாயகம் பிள்ளையும் ஐடாவும் க்ளவும் வடலூர் வள்ளலாரும் வேறு வேறு வாயில்களிலிருந்து வந்து கூடிய இடம் ஒன்றே: பசித்தவனிடம் முதலில் அவன் யாரென்று தேர்வு வைக்காதிருத்தல், ஊட்டிய பின் அவனைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளாதிருத்தல், ஆயினும் அவனை ஒரு மனிதனாக அறிந்து, பெயர் சொல்லி அழைத்து, மீண்டும் தன் காலில் நிற்கும் வரையில் கூட நிற்றல். கிறிஸ்தவர்கள் இதனைக் கிறிஸ்துவின் கட்டளை என்பர். சைவர் ஜீவகாருண்யம் என்பர். எந்தப் பெயரால் செய்தாலும், அந்நியனுக்குச் செய்யப்படாத தர்மம் இன்னும் பாதி வழியிலேயே நிற்கும் தர்மம் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

அடுத்த பகுதியில், பஞ்சம் கடந்தும் விலகாத மற்றொரு விலக்கப்பட்டோர் கூட்டமாகிய தொழுநோயாளர்களின் வரலாற்றை, வேலூரிலும் 1955இல் தோன்றிய கரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்ட் அந்நோயாளர்களின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய செய்தியிலிருந்து தொடங்குவோம்.